ஃப்ரீக்வென்சி இறங்கிருச்சு, கட்டடம் போச்சா? அதிர்வு ரீடிங்ல சேதம் தேடுறவங்களுக்கு அறிகுறி வாரியா ஒரு வழி

தறி ஷெட், மில் கட்டடம், ஓவர்ஹெட் டேங்க், சின்னச் சின்ன பாலம்னு சென்சார் வச்சு அதிர்வு எடுத்துக் குடுக்குறது நம்ம வேலை. வர்ற போன்ல முக்காவாசி ஒரே கதை தாங்க, "போன வருசம் 4.2 ஹெர்ட்ஸ் காட்டுச்சு, இப்ப 3.9 தான் காட்டுது, கட்டடம் வீக் ஆயிருச்சா?" (கட்டடம் செகண்டுக்கு எத்தன தடவ ஆடுதுங்கிறது தான் ஃப்ரீக்வென்சி, அதோட அளவு ஹெர்ட்ஸ், விறைப்பு கொறைஞ்சா அது இறங்கும்.) ஆயிருக்கலாம். ஆனா அந்த முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி அஞ்சாறு பேர விசாரிக்கணும், கட்டடம் அந்த வரிசைல கடைசி ஆளு. முதல்ல கருவி, அப்புறம் பாரம், அப்புறம் வெயில், அப்புறம் மேஸ்திரி, அதுக்கப்புறம் தான் கான்கிரீட்டு. செலவும் அதே வரிசைல தான் ஏறும்.

ஒரு விசயம் முதல்லயே சொல்லிடறேன். பில்லர்ல புதுசா சாய்வா விரிசல் விழுந்து நாளுக்கு நாள் அகலமாகுது, கான்கிரீட் உப்பிப் பிதுங்கி உள்ள கம்பி வளைஞ்சு தெரியுது, நேத்து வரைக்கும் நல்லா மூடுன கதவு இன்னைக்கு திடீர்னு பிடிக்குது, மடமடன்னு சத்தம் வருது, இதுல எது இருந்தாலும் சென்சார பையிலயே வைங்க. ஆளுகள வெளிய அனுப்பிட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர கூப்பிடுங்க. அங்க ரீடிங் எடுக்க நின்னா நீங்களும் பாரத்துல ஒரு கணக்கு.

கைல என்ன வேணும்னா, நல்லா இருந்தப்ப எடுத்த பழைய ரீடிங், அது எடுத்த நேரம், வெப்பநிலை, டேங்க்ல தண்ணி எவ்வளவு, எந்த மிசின் ஓடிட்டு இருந்துச்சு, அவ்வளவு தான். பழைய ரீடிங்கே இல்லைன்னா இன்னைக்கு எடுக்குறது தான் முதல் ரீடிங், அத வச்சு சேதம்னும் சொல்ல முடியாது, சேதம் இல்லைன்னும் சொல்ல முடியாது. போன்ல ஃபைஃபாக்ஸ் மாதிரி ஆப் வச்சு எடுக்கலாமான்னு கேப்பாங்க, மிசின் ஓடி தளம் நல்லா ஆடுற இடத்துல தாராளமா எடுக்கலாம், ஆனா சும்மா நிக்கிற கட்டடத்தோட அசைவு ரொம்பப் பொடிசு, அது போன் சென்சாரோட நாய்ஸ்லயே (சும்மா இருக்கும்போதே சென்சார் காட்டுற இரைச்சல்) முங்கிப் போயிரும். விலை கம்மின்னு எல்லாரும் வாங்குற எம்பியு 6050 சிப்பும் அதே கதை தான், அதோட நாய்ஸ் 400 மைக்ரோ ஜி பர் ரூட் ஹெர்ட்ஸ் (கம்மியா இருந்தா நல்லது), ஏடிஎக்ஸ்எல் 355 சிப்புல அது 25 பக்கம் தான், அதனால காசு கொஞ்சம் கூடப் போனாலும் ரெண்டாவதையே வாங்குங்க.

## அறிகுறி 1: ஃப்ரீக்வென்சி இறங்கிருச்சு

ரெக்கார்டு எவ்வளவு நேரம்? பத்து செகண்ட் எடுத்து எஃப்எஃப்டி (அதிர்வ ஃப்ரீக்வென்சி வாரியா பிரிக்கிற கணக்கு) போட்டா ஸ்கிரீன்ல ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவுல 0.1 ஹெர்ட்ஸ் இடைவெளி. அதுல 4.2 போயி 4.1 வந்துருச்சுன்னு பதறுறதுல அர்த்தமே இல்ல, பக்கத்துப் புள்ளிக்கு நகர்ந்திருக்கு, அவ்வளவு தான். கட்டடம் ஆயிரம் தடவையாச்சும் ஆடுற அளவுக்கு எடுக்கணும்னு வச்சுக்கங்க, 4 ஹெர்ட்ஸ்னா நாலு அஞ்சு நிமிசம், 1 ஹெர்ட்ஸ் ஆடுற உயரமான டேங்க்னா இருபது நிமிசம். நான் எதுவா இருந்தாலும் அரை மணி நேரம் ஓட விட்டுட்டு டீக்கு போயிருவேன்.

கடிகாரம் சரியா? சொந்தமா போர்டு வாங்கி சென்சார் செஞ்சவங்களுக்கு அதிகமா வர்ற கோளாறு இது தான். புரோகிராம்ல சாம்பிளிங் 100 ஹெர்ட்ஸ்னு (செகண்டுக்கு நூறு ரீடிங்) எழுதியிருப்பாங்க, எஸ்டி கார்டுல எழுதுற நேரமெல்லாம் தின்னுட்டு நிஜத்துல 93 தான் ஓடும், கம்ப்யூட்டர் அத நூறுன்னு நம்பி கணக்கு போட்டா எல்லா பீக்கும் (எஃப்எஃப்டி படத்துல மேடா எழும்பி நிக்கிற ஃப்ரீக்வென்சி) ஏழு பர்சன்ட் மேல காட்டும். போன வருசம் அப்படிக் காட்டி, இந்த வருசம் புது போர்டு சரியா காட்டுனா, கட்டடம் இறங்குன மாதிரியே தெரியும். செக் பண்றது சுலபம், பத்து நிமிசம் ஓட விட்டு மொத்த சாம்பிள் எண்ணுங்க, 100 ஹெர்ட்ஸ்னா 60,000 இருக்கணும். இன்னொரு வழி, பக்கத்துல ஓடுற மோட்டரோட வேகத்த டேகோமீட்டர்ல பாருங்க, 960 ஆர்பிஎம்னா 16 ஹெர்ட்ஸ்ல பீக் நிக்கணும். அதுவும் அதே பர்சன்ட் தள்ளி நின்னுச்சுன்னா கட்டடத்துக்கு ஒண்ணுமில்ல, உங்க போர்டு தான் பொய் சொல்லுது.

அதே இடம், அதே திசையா? கட்டடம் நீளவாக்குல ஒரு ஃப்ரீக்வென்சி, அகலவாக்குல ஒண்ணு, முறுக்கிக்கிட்டு ஒண்ணுன்னு மூணு இருக்கும், பல கட்டடத்துல மூணும் பக்கத்துல பக்கத்துல. போன தடவ எக்ஸ் திசைல எடுத்தத இந்த தடவ ஒய் கூட வச்சுப் பாத்தா வித்தியாசம் வரத்தான செய்யும். சென்சார் வச்ச இடத்துல பெயிண்ட்ல ஒரு அம்புக்குறி போட்டு வைங்க, போட்டோவ மட்டும் நம்பாதீங்க.

பாரம் கூடியிருக்கா? இது தான் பெரிய திருடன். ஒரு லட்சம் லிட்டர் தண்ணின்னா நூறு டன், டேங்க் காலியா இருக்கும்போது ஒரு ஃப்ரீக்வென்சி, நெறஞ்சு இருக்கும்போது அதுக்கு கீழ இன்னொண்ணு. மில்லுல தீவாளிக்கு முன்னாடி மாடி பூரா நூல் மூட்டை, தீவாளி முடிஞ்சா காலி. கணக்கு தோராயமா இப்படி வச்சுக்கங்க, ஆடுற எடை பத்து பர்சன்ட் கூடுனா ஃப்ரீக்வென்சி அஞ்சு பர்சன்ட் இறங்கும், விறைப்பு பத்து பர்சன்ட் போனாலும் அதே அஞ்சு தான் இறங்கும், ரீடிங்க மட்டும் பாத்து எது எதுன்னு பிரிக்க முடியாது. அதனால டேங்க் அளவ பழைய ரீடிங் எடுத்தப்ப இருந்த அளவுக்கே கொண்டு வந்து மறுபடி எடுங்க.

வெயில் நேரமா, விடிகாலையா? அமெரிக்காவுல நியூ மெக்சிகோல அலமோசா கேன்யன் பாலத்துல ஒரே நாளுக்குள்ளயே முதல் ஃப்ரீக்வென்சி அஞ்சு பர்சன்ட் பக்கம் மாறுறத அளந்திருக்காங்க, வெயில் ஒரு பக்கம் சுட்டு ஒரு பக்கம் சுடாததால, எந்த சேதமும் இல்லாமலே. சுவிட்சர்லாந்துல இசட் 24னு ஒரு பாலம், இடிக்கப் போறதுக்கு முன்னாடி 1997 - 98ல ஒரு வருசம் போல தொடர்ந்து அளந்தாங்க, குளிர் பூஜ்யத்துக்கு கீழ போனதும் மேல இருக்குற தார் உறைஞ்சு கெட்டியாகி ஃப்ரீக்வென்சி சட்டுனு ஏறுச்சு. நம்மூர்ல தார் உறையாது, உருகும், ஆனா மத்தியானம் ரெண்டு மணி ரீடிங்கையும் காலைல அஞ்சு மணி ரீடிங்கையும் ஒண்ணா வச்சுப் பாத்தா நீங்க அளக்குறது வெயில. எப்பவும் சூரியன் வர்றதுக்கு முன்னாடி எடுங்க. ஆட்டத்தோட பலமும் ஒரே மாதிரி இருக்கணும், பலமா ஆடுனா கான்கிரீட் கட்டடம் கொஞ்சம் கீழ ஃப்ரீக்வென்சில ஆடும். கலிஃபோர்னியா பசடேனால கால்டெக் வளாகத்து மில்லிகன் லைப்ரரி கட்டடம் 1971 சான் ஃபெர்னாண்டோ பூகம்பத்துல அப்படித்தான் இறங்குச்சு, அப்புறம் கொஞ்சம் மீண்டுச்சு, முழுசா மீளல.

யாராச்சும் சுவத்த இடிச்சாங்களா? கேட்டா இல்லைன்னு தான் சொல்லுவாங்க. நீங்களே கீழ்த்தளத்த ஒரு சுத்து சுத்தி வாங்க. நம்ம கட்டடத்துல செங்கச் சுவர் சும்மா தடுப்புக்கு நிக்கிறதா எல்லாரும் நினைக்கிறாங்க, பக்கவாட்டு விறைப்புல பெரிய பங்கு அதுக்கு இருக்கு. ஷோரூம் வைக்க, கார் நிறுத்தன்னு கீழ்த்தளச் சுவர எடுத்தா ஃப்ரீக்வென்சி நிஜமாவே இறங்கும், விரிசல் ஒண்ணு கூட இல்லாம. இத சேதமில்லைன்னு தள்ளிடாதீங்க, 2001 குஜராத் பூகம்பத்துல அகமதாபாத்ல கீழ பார்க்கிங்குக்கு திறந்து விட்ட அபார்ட்மென்டுக தான் அப்படியே இடிஞ்சு உக்காந்துச்சு. இங்கயே எஞ்சினியர கூப்பிட்டுருங்க.

மேல உள்ளது எல்லாம் ஓகேன்னா இப்ப கட்டடத்த சந்தேகப்படலாம். எல்லா பீக்கும் ஒரே பர்சன்ட் இறங்கியிருந்தா மறுபடி கடிகாரம், பாரம், வெயில் பக்கம் போய்ப் பாருங்க, ஒரு பீக் நல்லா இறங்கி இன்னொண்ணு அசையாம நின்னா தான் சேதம் ஒரு இடத்துல உக்காந்திருக்குன்னு அர்த்தம். அப்ப சென்சார பீம் நெடுக நகர்த்தி நகர்த்தி, இன்னொரு சென்சார ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி வச்சுட்டு, எந்த இடம் எவ்வளவு ஆடுதுன்னு படம் போடுங்க, வளைவு திடீர்னு ஒடியிற இடத்துல பூச்ச தட்டிப் பாக்கணும். நான் வச்சிருக்குற கோடு (எந்த விதிமுறையும் இத சொல்லல, இது என் கணக்கு): ஒரே விடிகாலை நேரம், ஒரே பாரம், வேற வேற நாள்ல எடுத்தும் அஞ்சு பர்சன்டுக்கு மேல இறங்குனது இறங்குன படியே நின்னா எஞ்சினியர், அதுக்கு கீழன்னா மாசம் ஒரு தடவ எடுத்து வச்சுட்டே வரலாம்.

## அறிகுறி 2: ஃப்ரீக்வென்சி ஏறிருச்சு

ஏறுனா சந்தோசப்படறாங்க. கட்டடத்துல பெரும்பாலும் சரி தான், டேங்க் காலியா இருந்திருக்கும், புதுசா சுவர் எழுப்பியிருப்பாங்க, இல்லைன்னா மேல சொன்ன கடிகாரம்.

பாலம்னா சந்தோசப்படாதீங்க. பேரிங் (தூணுக்கும் பாலத்துக்கும் நடுவுல இருந்து பாலத்த நகர விடுற தாங்கி) துருப்பிடிச்சு ஜாம் ஆயிட்டா பாலம் நகர முடியாம விறைச்சு நிக்கும், ஃப்ரீக்வென்சி ஏறும். எக்ஸ்பான்சன் ஜாயின்ட்ல (வெயில்ல பாலம் நீளுறதுக்கு விட்ட இடைவெளி) மண்ணும் ஜல்லியும் அடைச்சுக்கிட்டாலும், ரோடு போடுறவங்க மேலயே தார ஊத்திட்டுப் போனாலும் அதே தான். முதல்ல ஜாயின்ட்ட சுத்தம் பண்ணிட்டு எடுங்க, செலவே இல்ல. அப்புறம் பேரிங் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு காலைலயும் மத்தியானமும் பாருங்க, இவ்வளவு வெயில்லயும் கோடு துளி நகரலைன்னா பேரிங் போயிருச்சு. அப்படியே விட்டா வெயில்ல நீள முடியாத பாலம் தூணோட தலைய போய் தள்ளும், அங்க விரிசல் விழும். பேரிங் மாத்துறதுன்னா ஜாக்கி வச்சு பாலத்தையே தூக்கணும், அது அந்தத் துறைக்காரங்க வேலை.

## அறிகுறி 3: இதுவரைக்கும் இல்லாத புது பீக்

முதல்ல மேல பாருங்க. ஃபேன் ஓடுதா? சீலிங் ஃபேன் 300லருந்து 380 ஆர்பிஎம் சுத்தும், அதாவது 5 - 6 ஹெர்ட்ஸ், நம்ம ரெண்டு மூணு மாடிக் கட்டடம் ஆடுற ஏரியாவுக்கு பக்கத்துலயே. ஃபேன பாத்து கட்டடத்தோட ரெண்டாவது மோடுன்னு (கட்டடம் ஆடுற ஒவ்வொரு விதமும் ஒரு மோடு) ரிப்போர்ட் எழுதுனத எல்லாம் பாத்திருக்கேன்.

அடுத்து பீக்கோட உருவம். ஊசி மாதிரி கூரா நின்னா மிசின், கொஞ்சம் அகலமா மேடு மாதிரி இருந்தா கட்டடம். மிசினா இருந்தா ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க, 1440 ஆர்பிஎம் மோட்டர்னா 24, ஜெனரேட்டர் 1500 ஓடுனா 25. சரியா 50லயோ 100லயோ நின்னா கரண்டு, கேபிள் எர்த்திங்க பாருங்க.

எதுவுமே பொருந்தலைன்னா சாம்பிளிங்க சந்தேகப்படுங்க. 2880 ஆர்பிஎம் மோட்டரோட ரெட்டிப்பு 96 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் சாம்பிளிங்ல ஃபில்டர் இல்லாம எடுத்தா அது 4 ஹெர்ட்ஸ்ல வந்து உக்காந்து கட்டடம் மாதிரியே வேசம் போடும். சாம்பிளிங்க 500க்கு ஏத்துங்க, வேசக்காரன் இடம் மாறிருவான், நிஜமான பீக் அங்கயே நிக்கும்.

வரிசையா ரெட்டிப்பு மூணு மடங்குன்னு சீப்பு பல்லு மாதிரி பீக் வந்தா ஏதோ லூசா தட்டுது. பெரும்பாலும் சென்சாரே தான், டபுள் சைடு டேப் வெயில்ல இளகியிருக்கும், இல்ல பொக்கையான டைல்ஸ் மேல வச்சிருப்பீங்க, விரல் முட்டியால தட்டுனா தெரியும். ஐஇபிஇ வகை (சிக்னல் போற கேபிள்லயே கரண்டும் வாங்குறது) சென்சார்னா பயாஸ் வோல்டேஜ், அதாவது சும்மா இருக்கும்போது கேபிள்ல நிக்கிற வோல்டேஜ் பாருங்க, 8 - 12 வோல்ட் பக்கம் இருக்கணும், 24 காட்டுனா கேபிள் அத்துப் போயிருக்கு, பூஜ்யம்னா ஷார்ட். கேபிள் மாத்தியும் போகலைன்னா மிசினோட ஃபவுண்டேசன் போல்ட், கடைசியா விரிசலோட ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பாக்கணும்.

எல்லாத்தையும் நிறுத்தி, மெயின் சுவிட்ச்சையும் இறக்குன பிறகும் பீக் நிக்குதுன்னா வெளிய இருந்து வருது, இல்ல கட்டடத்துலயே வருது. 2021 மே மாசம் சீனாவுல ஷென்ஜென்ல எஸ்இஜி பிளாசான்னு உயரமான கட்டடம் ஆட ஆரம்பிச்சு ஜனம் தெருவுல ஓடுச்சு, தேடிப் பாத்தா மொட்டை மாடில நின்ன ஆன்டெனா கம்பம் காத்துல ஆடி கட்டடத்தையும் சேத்து ஆட்டியிருக்கு, கம்பத்த கழட்டிட்டு திறந்தாங்க. சியோல்ல 2011ல டெக்னோமார்ட் 39 மாடி ஆடுனதுக்கு 12வது மாடி ஜிம்ல கொஞ்சம் பேரு சேர்ந்து குதிச்ச உடற்பயிற்சி தான் காரணம்னு சொன்னாங்க. அதனால மொட்டை மாடி டவர், பேனர், பக்கத்து காம்பவுண்டு தறின்னு எல்லாத்தையும் பாத்துட்டு வாங்க.

## அறிகுறி 4: ஃப்ரீக்வென்சி மாறல, ஆனா ஆட்டம் கூடிருச்சு

தறிக்காரங்க கிட்ட இருந்து இது தான் அதிகம் வரும். பழைய தறி நிமிசத்துக்கு 120 - 150 அடி, அதாவது 2 - 2.5 ஹெர்ட்ஸ். அத எடுத்துட்டு ரேப்பியர் தறி போட்டு 360 ஓட்டுனா 6 ஹெர்ட்ஸ், கட்டடமும் 6 பக்கம் இருந்துச்சுன்னா ஊஞ்சல ஆள் வச்சு தள்ளுற மாதிரி ஒவ்வொரு அடிக்கும் ஏத்தி விடும். முதல் வைத்தியம் காசில்லாதது, வேகத்த 360லருந்து கொஞ்சம் இறக்கியோ ஏத்தியோ ஓட்டிப் பாருங்க, ஆட்டம் சட்டுனு விழுந்தா ரெசொனன்ஸ் தான். உற்பத்தி போகுமேன்னு முதலாளி முகம் சுளிப்பாரு, பரவால்ல. அடுத்தது போல்ட் டைட், அடுத்தது அடில இருக்குற ரப்பர் பேடு மாத்துறது, அடுத்தது எல்லாத் தறியும் ஒரே பக்கம் பாத்து நிக்காம வரிசைய மாத்திப் போடறது. பிரேசிங் (குறுக்குச் சட்டம்) அடிச்சு கட்டடத்த விறைப்பாக்குறது கடைசி, டிசைன் பண்ணாம வெல்டர வச்சு நாலு ஆங்கிள் அடிக்காதீங்க, கட்டட ஃப்ரீக்வென்சி ஏறி வேற மிசினோட வேகத்துக்கு நேரா போய் நின்னுரும்.

எவ்வளவு ஆடுனா ஆபத்துன்னா, ஜெர்மன்காரங்க டிஐஎன் 4150ங்கிற அவங்க விதிமுறையோட மூணாவது பாகத்துல தொடர்ந்து வர்ற அதிர்வுக்கு மேல்தளத்துல பக்கவாட்டு வேகம் வீடுகளுக்கு 5, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 10 மில்லிமீட்டர் பர் செகண்ட்னு வச்சிருக்காங்க. மனுசனுக்கு 0.3லயே தெரிய ஆரம்பிச்சுரும். அதனால "ஆளு நிக்க முடியலீங்க"ங்கிறதுக்கும் "பில்லர் தாங்கலீங்க"ங்கிறதுக்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு. லண்டன் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன்ல திறந்து ரெண்டு நாள்ல மூடுனாங்க, பாலத்துக்கு சேதம்னு ஒண்ணுமே இல்ல, ஜனம் நடக்குறதே பக்கவாட்டுல ஆட்டி விட்டுருச்சு, டேம்பர் (ஆட்டத்த உறிஞ்சுற கருவி) மாட்டி 2002ல திறந்தாங்க. அளவு மேல சொன்ன எண்ணத் தாண்டுனாலோ, தாண்டாட்டியும் புது விரிசல் கூடவே வந்தாலோ எஞ்சினியர்.

## அறிகுறி 5: டேம்பிங் கூடிருச்சு, பீக் தடிச்சுப் போச்சு

டேம்பிங்னா ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கிற அளவு. இத வச்சு மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க, நல்லா இருக்குற கட்டடத்துலயே டேம்பிங் எண்ணு இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு காட்டும். ரெக்கார்ட நீட்டுங்க, பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு மோடு ஒண்ணா ஒட்டிக்கிட்டு தடிச்சுத் தெரியுதான்னு பாருங்க. ஃப்ரீக்வென்சியும் சேந்து இறங்கியிருந்தா அறிகுறி 1க்கு போங்க. இரும்பு ஷெட்ல மட்டும் போல்ட் ஜாயின்ட்ட ஒரு தடவ ஸ்பேனர் வச்சு பாத்துருங்க, லூசான ஜாயின்ட் உரசி உரசி டேம்பிங்க ஏத்தும்.

## அறிகுறி 6: விரிசல் கண்ணுக்குத் தெரியுது, ரீடிங் அப்படியே இருக்கு

ரீடிங்க விடுங்க, கண்ண நம்புங்க. 1993ல அமெரிக்காவுல ஆல்புகெர்க்கில ரியோ கிராண்ட் ஆத்து மேல இருந்த ஐ 40 பாலத்த இடிக்கிறதுக்கு முன்னாடி கேஸ் கட்டர் வச்சு இரும்பு கர்டர (பாலத்த தாங்குற பெரிய உத்தரம்) நாலு கட்டமா வேணும்னே வெட்டி வெட்டி அளந்தாங்க. முதல் ரெண்டு வெட்டுக்கு ஃப்ரீக்வென்சி இறங்கவே இல்ல, மூணாவதுலயும் பேருக்குத் தான். கர்டரோட அடிப்பட்டை (ஃபிளேஞ்ச்) முழுசா அத்துப் போன நாலாவது வெட்டுல தான் 2.48லருந்து 2.30க்கு இறங்குச்சு. அவ்வளவு பெரிய வெட்டுக்கே ஏழு பர்சன்ட் தான்னா, உங்க பீம்ல இருக்குற மயிரிழை விரிசல் எங்க தெரியப் போகுது.

இங்க வேலை வேற. விரிசலோட ரெண்டு முனைலயும் கோடு போட்டு தேதி எழுதுங்க, குறுக்க ஒரு கண்ணாடித் துண்ட பிளாஸ்டர்ல ஒட்டுங்க, ஒடைஞ்சா நகருதுன்னு அர்த்தம். கம்பி போற வழிலயே நீளவாக்குல விரிசல், துருக்கறை வழியுதுன்னா உள்ள கம்பி அரிக்குது, கம்பி ரொம்ப மெலியிற வரைக்கும் எந்த அதிர்வு ரீடிங்கும் அத சொல்லாது. அப்புறம் கான்கிரீட் பலத்துக்கு ரீபவுண்டு ஹேமர், உள்ள பாக்க அல்ட்ராசோனிக், கம்பித் துருவுக்கு ஹாஃப் செல், கடைசியா கான்கிரீட்ட துளைச்சு கோர் எடுக்குறதுன்னு செலவு ஏறிட்டே போகும், எது வேணும்னு எஞ்சினியர் தான் சொல்லணும்.

## அறிகுறி 7: வெள்ளம் வடிஞ்ச பிறகு பாலத்துத் தூண் அதிகமா ஆடுது

இதுல மட்டும் நான் வரிசையெல்லாம் பாக்க மாட்டேன். தண்ணி தூணுக்கு அடில மண்ண அரிச்சிருந்தா மேல ஒரு கீறல் கூட தெரியாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல திருச்சி கொள்ளிடம் பழைய பாலம் நட்டநடுவுல போனது ஞாபகம் இருக்கும். ஜப்பான் ரயில்வேல இதுக்குன்னே ஒரு முறை, சுமார் 30 கிலோ எடைய கயித்துல தொங்க விட்டு தூணோட தலைல மோதி அது என்ன ஃப்ரீக்வென்சில ஆடுதுன்னு எடுப்பாங்க, இருக்க வேண்டிய அளவோட வகுத்து 0.7க்கு கீழ போனா உடனே நடவடிக்கை. நாம பண்ணக்கூடியது, தண்ணி அளவு பழைய ரீடிங் எடுத்தப்ப இருந்த அளவுக்கு இறங்குனதும் பக்கத்துத் தூணையும் சேத்து எடுத்து ஒப்பிட்டுப் பாக்குறது. ஒரு தூணோட ஃப்ரீக்வென்சி மட்டும் தனியா இறங்கி நின்னா வண்டிய நிறுத்தச் சொல்லி அன்னைக்கே பொதுப்பணித் துறைக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ எழுதுங்க. ரயில் பாலம்னா அனுமதி இல்லாம கிட்டவே போகாதீங்க, 1914ல திறந்த பழைய பாம்பன் பாலத்துலயும் 2022 டிசம்பர்ல தூக்குப் பகுதில கோளாறுன்னதும் ரயில நிறுத்துனது ரயில்வே ஆளுக தான்.

## எஞ்சினியர கூப்பிடும்போது

லோக்கல்ல ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்றவரு முதல் ஆளு. அவரு கைய விரிச்சா அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ், தரமணில இருக்குற சிஎஸ்ஐஆர் எஸ்இஆர்சி (கட்டமைப்பு ஆராய்ச்சி மையம்) மாதிரி இடங்க, அங்க ஃபீஸும் நாளும் கூட ஆகும். எங்க போனாலும் பழைய ரீடிங், புது ரீடிங், சென்சார் மாடல், சாம்பிளிங் ரேட், வச்ச இடத்தோட ஸ்கெட்ச், அன்னைக்கு வெப்பநிலை, டேங்க் அளவு, ஓடுன மிசின் லிஸ்ட், இடிச்ச சுவர் இருந்தா அதையும் மறைக்காம எழுதிக் குடுங்க. எஃப்எஃப்டி ஸ்கிரீன்ஷாட்ட மட்டும் வாட்ஸப்ல அனுப்பி "எப்படிங்க இருக்கு"ன்னு கேட்டா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது, ரா டேட்டா ஃபைல டைம் ஸ்டாம்ப்போட அப்படியே அனுப்புங்க.